கழன்றதும் கழற்றியதும்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர, பெரிய ற இரண்டும் எங்கே எது வரும் என்று இன்னும் தடுமாறுவேன். ஒற்று விட்டுப்போகும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். சங்கத்தில் படித்த தம்பிகள் யாராவது பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ‘கழற்றினார்’ என்று நான் எழுதிய இடத்தில் ‘கழன்றது’ என்று மட்டும் திருத்திவிடாதீர்கள். அந்த இரண்டு வார்த்தைகளை நான் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

பஞ்சு மில்லில் கார்டிங் வரிசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத்தான் இது. போன மாதம் சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘எல்லாரும் நல்லா இருங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது உங்களில் ஒருவர் விரலில் கட்டுப் போட்டிருந்தார். என்ன தம்பி என்று கேட்டேன்.

“மெஷின் கடிச்சிருச்சுண்ணே. நம்ம நேரம்.”

“மூடி இல்லையா?”

“அது கழண்டு கெடக்குண்ணே, ரொம்ப நாளா.”

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. பேச வராதவனுக்குக் கோபம் வந்தால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

மில்லின் பேரையும் மேஸ்திரியின் பேரையும் எழுத மாட்டேன். பயம் இல்லை. நெஞ்சில் கட்டிய சளியைத் தவிர இனி என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பேரைப் போட்டால் அந்த ஒரு ஆளைத் திட்டிவிட்டு மற்றவர்களை நீங்கள் மறந்துவிடுவீர்கள். அதனால்தான்.

வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன் நான். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் மில்லுக்கு வந்தேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. கார்டிங் மெஷின் பஞ்சைச் சீவி வடமாக விடும், உள்ளே ஊசிப்பல் போர்த்திய உருளைகள் சுற்றும். உங்களுக்குத் தெரியும், இதை உங்கள் வீட்டில் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சு அடிக்கடி அடைத்துக்கொள்ளும். மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, அடைப்பை எடுத்து, மறுபடி ஓட்ட வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினால் உற்பத்தி குறையும். அதனால் எங்கள் வரிசையில் மூடியே இருக்காது. ஓடுகிற மெஷினில் கையை நீட்டி, அடைத்த பஞ்சைக் கிள்ளி எடுப்போம்.

இதை எனக்குப் பழக்கியவர் மேஸ்திரி. பக்கத்தில் நின்று, என் கை தயங்கும்போதெல்லாம் முழங்கையில் தட்டுவார்.

“யோசிக்காதலே. யோசிச்சா பஞ்சு அடைச்சிரும். கண்ணு எங்கிட்டும் பாக்கட்டும், வாயி என்னமும் பேசட்டும். கை அது பாட்டுக்குப் போகணும், அது பாட்டுக்கு வரணும்.”

ஒரு வருஷத்தில் கை அது பாட்டுக்குப் போனது. “இப்பத்தான்லே நீ தொழிலாளி” என்று மேஸ்திரி முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் ஊருக்குப் போவேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், வழியில் ரயில்வே கேட் இருந்ததே, அதை எப்போது தாண்டினோம் என்று நினைப்பு வரும். கேட்டில் இறங்கினேனா? இறங்கித் தள்ளியது யார்? இவ்வளவு தூரம் மிதித்தது யார்? நான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் அந்த வழியெல்லாம் எங்கே போயிருந்தான்? அப்போதெல்லாம் இது எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

பக்கத்து மெஷினில் சவரிமுத்து. என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். மில்லின் லைன் வீட்டில் பெண்டாட்டி, தாயார், இரண்டு பிள்ளைகளோடு இருந்தான். வாய் ஓயாத ஆள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

தீபாவளி நெருங்கிய நேரம், உற்பத்தியைக் கூட்டச் சொல்லி மேலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து வந்திருந்தோம். சவரி தன் மாமனார் விருந்துக்கு வந்த கதையை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தான்.

“அம்புட்டு வெஞ்சனத்தையும் மனுசன் ஒத்தையாத் தின்னுபுட்டாருண்ணே. தின்னுபுட்டுச் செத்த நேரம் கழிச்சு, ஏம்மா ரசம் வைக்கலையாங்கு...”

சத்தம் மாறியது. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை உள்ளே இருந்தது.

“இழுங்கடா! புடிச்சு இழுங்கடா!” என்று மேஸ்திரி ஓடிவந்தார். உருளையின் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இழுத்தால் இருப்பதும் போய்விடும். நான் உருளையை ஓட்டும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு, சவரியை இரண்டு கையாலும் மெஷினோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். உருளை உடனே நிற்காது. அது நிற்கும் வரை அவனும் இழுக்காமல், வேறு யாரும் இழுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கையை எடுத்தோம். இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பதறி இழுக்காதீர்கள். முதலில் பெல்ட்.

இதற்காக என்னை எல்லாரும் பாராட்டினார்கள். சமயோசிதமாகச் செய்தான் என்றார்கள். எனக்குத் தெரியும், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் கை பெல்ட்டைத் தள்ளிய பிறகுதான் தள்ளிவிட்டதை நான் பார்த்தேன். அதை என் செயல் என்று சொல்வார்களாம். சரி, அப்படியே இருக்கட்டும். இந்த நியாயத்தை எல்லாருக்கும் ஒன்றுபோல வைப்பார்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

மில் வேனில் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் வேட்டியைக் கிழித்துச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு சவரி மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, கையை நான் விட்டேனா? இல்ல, அதுவாப் போச்சா?”

“பேசாம வாடா.”

“இல்லண்ணே, நெசமாக் கேக்குறேன். நான் அங்க இல்லண்ணே. மாமனார்கூட ரசத்துல இருந்தேன். கை மாட்டுன பெறகுதான் நான் வந்தேன்.”

நெகிழ்ந்த கட்டை இறுக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். சவரியின் மெஷினில் மூடி இருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, நாலு போல்ட்டும் முறுக்கி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மெஷின் முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள்.

“இந்த மெஷினு ரொம்ப நாளாவே காவு கேட்டுக்கிட்டு இருந்துச்சு” என்றார் மேஸ்திரி. அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சவரிக்கு லைன் வீடு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரும்புக்கு ஆசை உண்டு, பசி உண்டு, வாய்விட்டுக் கேட்கத் தெரியும் என்று மொத்த மில்லும் ஒத்துக்கொண்டு பூசணிக்காய் உடைக்கிறது. ஸ்பேனரோடு வந்து மூடியைக் கழற்றிய மேஸ்திரிக்கு மட்டும் மனம் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

சவரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே விசாரணைக்கு அழைத்துவிட்டார்கள். ஓடுகிற மெஷினில் வேண்டுமென்றே கையை விட்டான் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒற்றைக் கையோடு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? என்னைச் சாட்சி சொல்ல வரச் சொன்னார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சவரி தெளிவாக இருந்தான். அந்தத் தெளிவுதான் என்னைப் பயமுறுத்தியது.

“என் தப்புன்னு ஒத்துக்கிடப் போறேண்ணே. ஒத்துக்கிட்டா விட்டுருவாங்க.”

“யாருடா சொன்னா?”

“யாரு சொல்லணும்? மாதா கோயில்ல சாமியாருகிட்ட பாவத்த ஒத்துக்கிட்டா மன்னிப்புக் குடுத்து அனுப்புறாருல்ல? மறைச்சாத்தான பாவம்.”

பூசையில் பாவத்தை ஒத்துக்கொள்ளும்போது தட்டுகிற மாதிரி இடது கையைக் குவித்து நெஞ்சில் மூன்று தடவை தட்டிக்காட்டினான். பிறந்ததிலிருந்து பழகியது. வலது கையால் தட்டிப் பழகியது.

அவன் பெண்டாட்டி ஆரோக்கியம் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். என்னோடு அவள் அதிகம் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

“அண்ணே, இவருக்கு நீங்களாச்சும் சொல்லுங்க. ஆபீசுல உக்காந்திருக்கவன் சாமியாராண்ணே? ஒத்துக்கிட்டா சீட்டக் கிழிச்சிருவான்.”

“நீ உள்ள போடி. நாந்தான விட்டேன்?”

“நீ விட்டே! எல்லாம் நீதான் விட்டே!” என்று அவள் குரலை உயர்த்தினாள். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். “அண்ணே, இந்த வீட்டுல எங்கையில பான உடைஞ்சா, எம் மாமியா ‘நீ உடைச்சிட்டே’ம்பா. அவ கையில உடைஞ்சா ‘பான உடைஞ்சு போச்சு’ம்பா. பான ஒண்ணுதான். எப்பிடி உடையுதுங்கறது யாரு கையில இருக்குங்கறதப் பொறுத்து.”

உள்ளேயிருந்து, “என்னடி அங்க, எம் பேரு அடிபடுது?” என்று குரல் வந்தது. “ஒண்ணுமில்லத்தே, பான வெலையப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்” என்றாள் ஆரோக்கியம். சவரி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஊருக்குத் திரும்பும் வழியில்தான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் ஆபீஸ் அறை. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. சுத்தமான வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஒரு பக்கம் மேஸ்திரி. எதிரே சவரி. அதிகாரி குற்றச்சாட்டைப் படித்து முடிக்கும் முன்னாலேயே சவரி எழுந்துவிட்டான்.

“என் தப்புதான் சார். என் தப்புதான்.”

பழக்கத்தில் வலது கையைத் தூக்கினான். கட்டுப் போட்ட மொட்டைக் கை நெஞ்சில் தட்டியது. முதல் தட்டிலேயே வலியில் முகம் கோணியது. இருந்தும் மூன்று தடவையும் தட்டினான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார்.

“இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது தொழிலாளி தன் கையை உள்ளே விட்டார். அச்சமயம் மூடி கழன்றிருந்தது. சரிதானேப்பா?”

கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து. தலையாட்டினால் போதும். எனக்குத் தலையாட்ட வரவில்லை. வாயைத் திறந்தேன். வந்த முதல் வார்த்தை இதுதான்.

“பானை சார்.”

“எந்தப் பானை?”

மேஸ்திரி சிரித்தார். என் காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். தரையைப் பார்த்ததால்தான் பேச முடிந்தது.

“பானை இல்ல சார், மூடி. மூடி கழண்டிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு நாலு போல்ட்டு சார். நாலும் தானாக் கழண்டு, மூடி தானாக் கீழ எறங்கி, தானா நடந்து ஸ்டோருக்குப் போயிருச்சா சார்? அவன் கையை விட்டான்னு எழுதுறீங்கல்ல, அதே மாதிரி மேஸ்திரி மூடியக் கழட்டுனாருன்னும் எழுதுங்க. இல்லாட்டி, மூடியும் கழண்டுச்சு, கையும் போச்சுன்னு எழுதுங்க. அவனுக்கு ஒரு மாதிரி, மத்தவுகளுக்கு ஒரு மாதிரி வேணாம் சார்.”

“ஏலே!” என்று மேஸ்திரி எழுந்தார். “உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவன்லே நான். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. என் இஷ்டத்துக்கா கழட்டுனேன்? கழட்டச் சொன்னாங்க, கழட்டுனேன்!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

அடுத்த கேள்வி என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யார் சொன்னார்கள்? அதிகாரி அதைக் கேட்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். அந்த அறையில் அந்தப் பேனாவுக்காவது மூடி ஒழுங்காக இருந்தது.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. சவரிக்குக் கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்கும் வேலை. வீடு தப்பியது. தீர்ப்பில் கடைசி வரி, ‘எதிர்பாராத விதமாக விபத்து நிகழ்ந்தது.’ நிகழ்ந்ததாம். யாரும் விடவில்லை, யாரும் கழற்றவில்லை, யாரும் கழற்றச் சொல்லவில்லை. நிகழ்ந்தது. என்னைப் பஞ்சு உடைக்கும் அறைக்கு அனுப்பினார்கள். தூசி மேகம் மாதிரி நிற்கிற அறை. என் மூச்சிழுப்பு அங்கே தொடங்கியது. ‘இழுப்பு வந்தது’ என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தார்கள்.

மேஸ்திரி சொன்னதைப் பற்றி நான் நிறைய நினைத்திருக்கிறேன். அதிலும் நியாயம் இருக்கிறது. என் கையைப் பழக்கியவர் அவர். அவரைப் பழக்கியவர் ஒருவர் இருந்திருப்பார். மேனேஜரை முதலாளி நெருக்கியிருப்பார், முதலாளியைச் சந்தை நெருக்கியிருக்கும். இப்படி ஏறிக்கொண்டே போனால் கடைசியில் கடவுளிடம் போய் நிற்கும். அவரை விசாரணைக்கு அழைக்க முடியாது. அதனால்தான் எல்லாரும் அவர் தலையில் போடுகிறார்கள். நேரம், தலையெழுத்து, காவு, மாதாவின் சித்தம். நான் சாமி கும்பிடுகிறவன். மூடியைக் கழற்றுவதற்குக் கடவுள் ஸ்பேனரோடு வந்ததை நான் பார்க்கவில்லை.

ஆள் தானாகச் செய்கிறானா, செய்ய வைக்கப்படுகிறானா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் காலம் காலமாக வாதாடுகிறார்களாம். எனக்கு அந்த வாதம் முழுதாக விளங்காது. கார்டிங் வரிசையில் நின்று பார்த்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். சவரியின் கைக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம். அதற்குள் அவன் எங்கே யோசிப்பது? மேஸ்திரிக்கு இருந்தது நாலு போல்ட்டைக் கழற்றும் நேரம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கலாம். அவரை ஏவியவருக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு முழுக் காலைப்பொழுதும் இருந்தது. யாருக்கு யோசிக்க அதிக நேரம் இருந்ததோ அவர் தலையில் அதிகப் பொறுப்பு. மில்லில் இது தலைகீழாக நடக்கிறது. யோசிக்க நேரமே கொடுக்காதவனைத்தான் கூப்பிட்டு, ஏன் யோசிக்கவில்லை என்று கேட்கிறார்கள். யோசித்தால் முழங்கையில் தட்டுவார்கள், யோசிக்காவிட்டால் சீட்டைக் கிழிப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சவரி பூசை முடிந்து என்னைப் பார்க்க வந்தான். டீக்கடையில் நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு வேனில் அவன் கேட்டதற்குப் பதிலையும் சொன்னேன். இத்தனை வருஷம் அது எனக்குள்ளேயே கிடந்தது.

“நீ கையை விடலடா. கை போச்சு. போற மாதிரிப் பழக்கிவிட்டாங்க.”

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் சுருங்கியது.

“அப்ப அந்தக் கை செஞ்ச எதையும் நான் செய்யலையாண்ணே? நம்ம வரிசையிலேயே என் வடந்தான் சுத்தமா வரும்னு சொல்லுவாங்களே, அதுவும் நான் இல்லையா? எம் மூத்தவ பொறந்தப்ப அந்தக் கையிலதான் மொதல்ல வாங்குனேன். அதுவும் பழக்கமா? மாட்டுனது மட்டும் என் கை இல்லைன்னா, மத்ததெல்லாம் யாரு கைண்ணே?”

என் கோபத்தில் நான் அவனிடமிருந்து என்னத்தைப் பிடுங்கப் பார்த்தேன் என்று தெரிந்தது. மெஷின் எடுத்தது போக மிச்சம் இருந்ததை நான் எடுக்கப் பார்த்திருக்கிறேன். கடைசியில் சொன்னேன்.

“கை உன்னோடதுதாண்டா. எப்பவும் உன்னோடதுதான். அவசரம் அவங்களோடது.”

அவன் இடது கையால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இத அன்னைக்கே வேன்ல சொல்லியிருக்கலாம்லண்ணே” என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தான். ஒற்றைக் கையில் நன்றாக ஓட்டுகிறான்.

தம்பிகளே, உங்கள் வரிசையில் மூடி கழன்று கிடக்கவில்லை. யாரோ கழற்றியிருக்கிறார். யார் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேலைக்குப் போனதும் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் பேரைச் சொல்லி, ‘நீங்க கழட்டுன மூடிய மாட்டுங்க’ என்று கேளுங்கள். கழற்றச் சொன்னார்கள் என்பார். யார் என்று கேளுங்கள். அந்த அதிகாரி பேனாவை மூடிய இடத்திலிருந்து நீங்கள் தொடங்குங்கள். நேரம் என்று மட்டும் இனிமேல் என் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கீழே தேதி போடப் போனேன். ‘எழுதி முடிந்தது’ என்று கை அது பாட்டுக்கு எழுதிவிட்டது. பழக்கம். அதை அடித்துவிட்டு, கையை நிறுத்தி, யோசித்து மாற்றுகிறேன்.

1969, தை மாதம் பதினோராம் தேதி இதை நான் எழுதினேன்.